குளியலறையின் இரண்டாவது கதவு

என் வீட்டுக்காரர் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு குளியலறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வந்த அன்றைக்கே அதன் தகரக் கதவு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி முற்றத்துக்குப் போய், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கிடந்த கல்லில் உட்கார்ந்துகொண்டார். "இங்கனயே ஊத்து" என்றார். ஊற்றினேன். புண் ஆறாத உடம்பு, குறுகலான இடத்தில் சுவர் உரசுமே என்று பயப்படுகிறார், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். புண் ஆறியது. அவர் கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை.

விஸ்வநத்தத்துப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில், தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், வெடிமருந்து செலுத்துகிற வேலை அவருக்கு. தீபாவளிச் சீசனில் ரூம் வெடித்ததில் இரண்டு கையும் முதுகும் முழங்காலும் வெந்துவிட்டன. உயிரோடு வந்ததே பெரிது என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் உயிரோடு வந்தவர் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு மறுபடி நெருப்பு தெரியுமோ என்று பயம்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். ஆறாம் வகுப்போடு நிறுத்தி என்னைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பினார்கள். விடிவதற்கு முன்னால் வருகிற ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவேனோ என்று அப்போது தொடங்கிய படபடப்பு, பிறகு எதெதிலோ போய் ஒட்டிக்கொண்டது. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவேன், அணைத்தேனா என்று திரும்பிப் போவேன். தெரு முனைக்குப் போனதும், அணைந்திருந்ததைப் பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று சந்தேகம் வரும். இப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு விபத்து வந்தால் எப்படி இருக்கும் என்று நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

முற்றத்துச் சுவர் இடுப்பளவுதான். தெருக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் தாண்டிப் போக வேண்டும். சொந்த அண்ணன் மனைவி முன்னால்கூடச் சட்டையைக் கழற்றாத மனுஷர், ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, சுருங்கிய தோலோடு அங்கே உட்கார்ந்திருப்பார். குழாயடிக்குப் போகிற பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அந்தத் திருப்பல் எனக்கு முதுகில் அடிப்பது போல இருக்கும். இன்னொரு கஷ்டமும் இருந்தது. முழங்கால் தோல் இழுத்துக்கொண்டதால் அவரால் குத்தவைத்து உட்கார முடியாது. வெளிக்கிருக்க, கம்பை ஊன்றிக்கொண்டு கருவேலங்காட்டுக்குப் போவார், நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வருவார். எப்படிச் சமாளித்தார் என்று கேட்க எனக்கு வாய் வராது. அவர் வருகிற வரைக்கும் முள்ளில் விழுந்து கிடக்கிறாரோ, பாம்பு கீம்பை மிதித்துவிட்டாரோ என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

குளியலறையை நான் ஒரு நாள் உள்ளே போய் நின்று பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பாசி பிடித்த சிமெண்டுத் தரை, மூலையில் ஒரு கக்கூஸ் கோப்பை, பகலிலும் இருட்டு. வழுக்கும் என்றுதான் அவர் வர மாட்டேன் என்கிறார் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். இடித்துவிட்டு வெளிச்சமாக, சொரசொரப்பான தரை போட்டு, நாற்காலி மாதிரி உட்காருகிற கோப்பை வைத்துவிட்டால் போவார். கம்பெனி நஷ்ட ஈடாகக் கொடுத்ததில் மிச்சம் இருந்தது, அதை இதில் போடலாம் என்று துணிந்தேன். அவரிடம் சொன்னபோது, "செய்யி" என்றார். வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

ஆமத்தூரிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேலி பேசுகிறவர். அப்போதுதான் செல்போன் வாங்கியிருந்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வார், யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

"பாத்ரூமா தங்கச்சி இது? கோழிக்கூண்ட விட ஒரு சாண் பெருசு. இதுக்குள்ள குனிஞ்சு நிமுந்தீகளாக்கும்."

"அதான் ஒங்கள வரச் சொன்னேன்ணே."

"கட்டி முடிச்சுக் குடுக்கேன் பாருங்க. ஒங்க வீட்டுக்காரரு உள்ள போனா வெளிய வரவே மாட்டாரு."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனாலும் அந்த வாக்கு எனக்குப் பிடிக்கவில்லை. வருவார், நல்லபடியாக வெளியே வருவார் என்று மனசுக்குள் உடனே மாற்றிச் சொல்லிக்கொண்டேன்.

டைல்ஸ் வாங்க விருதுநகருக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கடைக்குள் நுழைந்ததும் அவள் கண் டால்பின் படம் போட்ட டைல்ஸ் மேல் போய் நின்றுவிட்டது. நீலத் தண்ணீர், அதிலிருந்து இரண்டு டால்பின் எம்பிக் குதிக்கின்றன. ஆறு கல்லைச் சேர்த்து ஒட்டினால் முழுப் படம்.

"எம்மா, இந்த மீனு போட்டது."

"அது வழுக்கும்."

"அது செவத்துல ஒட்டுறதும்மா. செவத்துலயா நடக்கப் போறோம்?"

கடைக்காரப் பையன் சிரித்தான். தரைக்கு வைத்திருந்த கற்களில் தண்ணீரை ஊற்றச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றிலும் காலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மகள் வெட்கப்பட்டுத் தூரப் போய் நின்றுகொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது மடியில் டால்பின் பெட்டியை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எம்மா, தாப்பா மட்டும் நல்லதாப் போடச் சொல்லு. இப்ப இருக்க கதவ ஒரு கையால பிடிச்சுக்கிட்டே குளிக்கேன். பாதிச் சோப்புதான் போகுது."

சரி என்றேன். அவ்வளவு சின்ன ஆசை அது.

வேலை தொடங்கிய அன்று உளி முதல் தடவை தரையில் விழுந்ததும் என் வீட்டுக்காரர் கட்டிலைவிட்டு எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். எங்கள் பட்டாசு வேலையில் இரும்பு ஆகாது, பொறி தட்டிவிடும். மருந்து அள்ளப் பித்தளை, தட்ட மரக்கட்டை. இரும்பும் கல்லும் உரசுகிற சத்தம் கேட்டால் அங்கே போர்மேன் அலறுவார். அந்தச் சத்தத்துக்கு எங்கள் உடம்பு பழகவே இல்லை. எனக்கே உளிச் சத்தம் பல்லில் தைத்தது. பழைய தண்ணீர்க் குழாயைக் கொத்தனார் மிஷினால் அறுத்தபோது பொறி பறந்தது. நான் ஓடிப் போய் ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன தங்கச்சி, வாளி சாக்கெல்லாம் வருது. நான் என்ன சரவெடியா பின்னிக்கிட்டு இருக்கேன்?"

"இருக்கட்டும்ணே."

"வெறும் சிமெண்டு எரியாது."

"இருக்கட்டும்."

சாயங்காலம்தான் என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். ரேஷன் கடை வரைக்கும் போய் அங்கேயே நின்றிருக்கிறார். வேலை நடந்த நாளெல்லாம் இப்படித்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் கதவு வந்து இறங்கிய அன்றைக்கு அவர் தானாக எழுந்து வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நீல பிளாஸ்டிக் கதவு. கொத்தனார் நிலையில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் தொறக்கும்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"உள்ள தள்ளணும் தம்பி. எல்லா வீட்லயும் அப்படித்தான."

"வெளிய தொறக்கணும்."

"வெளிய தொறந்தா முத்தத்துல வர்றவுக மூஞ்சில அடிக்கும்."

"அடிக்கட்டும்."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கதவைத் திருப்பி வைத்தார். என் வீட்டுக்காரர் போகவில்லை. நிலைக்கு வெளியே நின்றுகொண்டே, மடங்கிப்போன விரலால் எதிர்ச் சுவரைக் காட்டினார்.

"அங்கன ஒரு கதவு."

"அங்கன சன்னலுக்குத்தான் விட்டிருக்கு."

"சன்னல் வழியா ஆள் வர முடியாது. கதவு வைங்க."

கொத்தனாருக்குக் கேலி தானாக வந்துவிட்டது. "ஏன் தம்பி, இந்த வழியாப் போயி அந்த வழியா வர, இது என்ன சொர்க்கவாசலா?" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. நிலையைக் கையால் பிடித்துக்கொண்டு, யாருக்கோ வேலை சொல்லிக்கொடுப்பது மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"எங்க ரூம்ல ரெண்டு கதவு. எதுத்தெதுத்தாப்புல. ரெண்டும் வெளிய தொறக்கும். தாப்பா கெடையாது. எந்திரிச்சு ஓடுனா நெஞ்சு பட்டாலே தொறக்கணும், அதுக்குத்தான் அப்படி. அன்னைக்கு மழை. முடிஞ்ச பெட்டிய வைக்க நனையாத எடம் இல்ல. லோடு வண்டி வர்ற வரைக்கும்தானன்னு, அந்தக் கதவுக்கு வெளிய கூரை எறவாணத்துக்குக் கீழ அடுக்கிட்டாக. நான் இந்தக் கதவுப் பக்கம் உக்காந்திருந்தேன். அந்தக்கா அந்தப் பக்கம்."

அத்தோடு நிறுத்திவிட்டார். அந்த அக்கா மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸில் வந்துபோனவர். அவர் போய்ச் சேர்ந்ததை ஆஸ்பத்திரியிலேயே கேள்விப்பட்டிருந்தேன். எப்படி என்பது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. எனக்குச் சொல்லாததை, பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு கொத்தனாரிடம் சொல்லிவிட்டுப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

கொத்தனார் செல்போனை எடுத்துப் பார்த்தார். பிறகு, "வச்சிருவோம் தங்கச்சி. ஆனா மீனு எடம் மாறும்" என்றார்.

டால்பின் ஒட்டுவதற்கு வைத்திருந்த சுவர் அதுதான். கதவு வந்ததும் ஆறு கல்லுக்கு இடம் இல்லை. மூன்று கல்லை மட்டும் கோப்பைக்கு மேலே ஒட்டினார். ஒரு டால்பின் முழுசாக வந்தது. இன்னொன்றுக்கு வால் மட்டும். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வாலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சீருடையை மாற்றப் போனாள்.

எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் என் மூத்த ஓரகத்தியின், அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவியின் அடுப்படி. அண்ணன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். சுவரில் ஓட்டை விழுந்ததும் ஓரகத்தி வந்துவிட்டார்.

"ஊரு ஒலகத்துல பாத்ரூமுக்கு ஒரு கதவு. ஒங்க வீட்டுக்கு மட்டும் ரெண்டா? அதுவும் எங்க அடுப்படிக்கு நேரா?"

"தொறக்க மாட்டோம்க்கா. சும்மாதான் இருக்கும்."

"தொறக்காத கதவு எதுக்குடி?"

என் வீட்டுக்காரர் கொத்தனாரிடம் சொன்னதை நான் சொல்லலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்த ஓரகத்தி, "வச்சுத் தொலைங்க. எவனாவது துண்டோட வந்து நின்னா, வடிகஞ்சிய மூஞ்சிலயே ஊத்திருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை முடிந்தது. உள்ளே நின்றால் கண் கூசுகிற வெள்ளை, நடுவில் நீலக் கோடு. உட்காருகிற கோப்பை, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, விரலை நீட்டி மடக்க முடியாதவரும் முழங்கையால் தள்ளித் திறக்கிற மாதிரி நீளக் கைப்பிடி வைத்த குழாய். புது இடத்துக்குச் சூடம் காட்ட வேண்டும் என்று மகள் சொன்னாள். அவர் முன்னால் தீக்குச்சி கிழிக்க எனக்கு மனசில்லை. மஞ்சள் தண்ணீர் மட்டும் தெளித்தேன்.

மறுநாள் காலையில் அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். "சாத்து" என்றார். நான் முற்றத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். காலடிச் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்தேன். அதற்குப் பதிலாகத் தொம்மென்று ஒரு தள்ளல். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு என் முன்னால் இருந்த கதவு படீரென்று திறந்து என் தோளில் அடித்தது. அவர் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் நேரே போய்க் கல்லில் உட்கார்ந்தார்.

"ஊத்து."

ஊற்றினேன். முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் குளிர்கிறதா என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது.

சுற்றிக்கொண்டு சந்துக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்த நாள் அது. ஓரகத்தி நீல டிரம்மைக் கொண்டுவந்து, குழாய் எட்டுகிற இடமாகப் பார்த்து, கதவை ஒட்டி வைத்துக் கழுத்து வரைக்கும் நிரப்பியிருந்தார். திறக்காத கதவு என்று சொன்னவள் நான்தானே. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. அந்த டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

ஓரகத்தி அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னைக்கு ஆபீஸ்ல ஒரு கதவுக்கு வெளிய பெட்டி அடுக்கியிருந்தாகளாம். அந்தப் பக்கம் இருந்த அக்காவால வர முடியல."

பூண்டு உரித்த கை நின்றது. வெளியே எட்டி டிரம்மைப் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?"

"எனக்கே கதவு வைக்கிற அன்னைக்குத்தான்க்கா தெரியும்."

"உள்ள போனாரா?"

"போனாரு. தள்ளிப் பாத்தாரு. வந்துட்டாரு."

அவர் எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நிக்கிற பாரு மரம் மாதிரி. கொடத்த எடு" என்றார். இரண்டு பேருமாகத் தண்ணீரைக் குடங்களிலும் அண்டாவிலும் மாற்றி, டிரம்மை உருட்டிச் சந்தின் அந்தக் கடைசிக்குக் கொண்டுபோனோம். பாதி நல்ல தண்ணீர் தரையில் போனது. எங்கள் ஊரில் தண்ணீர் தரையில் போனால் ஓரகத்தி யாரையும் சும்மா விட மாட்டார். அன்றைக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை.

டிரம் போய்விட்டது, ஆனால் என் வீட்டுக்காரர் மனசிலிருந்து போகவில்லை. தினமும் காலையில் சந்துக்குப் போய் நின்று பார்ப்பார். வெறும் தரைதான் இருக்கும். திரும்பி வந்து கல்லில் உட்கார்ந்துகொள்வார். பாடுபட்டுக் கட்டிய குளியலறை பளபளவென்று நிற்க, முற்றத்தில் நான் சொம்பால் ஊற்றிக்கொண்டிருப்பேன். இப்போது இல்லை, ஆனால் நாளைக்கு யாராவது எதையாவது வைக்கலாம் அல்லவா என்று அவர் நினைப்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. நானும் அப்படி நினைக்கிறவள்தான். அதனால் அவரைத் தேற்ற எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் மகளுடைய தாழ்ப்பாள் சண்டை வந்தது. முற்றத்துக் கதவுக்குக் கொத்தனார் ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தார். மகள் ஆசையாக அதைப் போட்டுக்கொண்டு குளிக்கப் போனாள். அந்தச் சத்தம் கேட்டதும் அப்பா கட்டிலிலிருந்து எழுந்து கதவடிக்கு வந்துவிட்டார்.

"ஆத்தா, தாப்பாள எடு."

"குளிக்கேன்ப்பா."

"எடுத்துட்டுக் குளி."

"எப்பா, தள்ளிப் போங்க."

அவர் போகவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தட்டி, "இருக்கியா ஆத்தா?" என்று கேட்டார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. ஈரத் தலையோடு, கண் சிவந்து வெளியே வந்தவள் என்னிடம்தான் சீறினாள்.

"அவுகளுக்குக் கதவு தொறக்கணும், எனக்குக் கதவு மூடணும். ரெண்டுக்கும் ஒரே பாத்ரூமா? எனக்குப் பழைய தகரக் கதவே போதும். அதுக்கு அப்பா வந்து நிக்க மாட்டாக."

மறுநாள் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது. அவர் கழற்றிவிட்டார். அந்த விரல்களால் எப்படிக் கழற்றினார் என்று தெரியவில்லை. மகள் குளிக்காமல் பள்ளிக்கூடம் போனாள். அதற்கடுத்த நாள் பெரியம்மா வீட்டில் குளித்துவிட்டு வந்தாள். ஓரகத்தி என்னை முறைத்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் உடைந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விபத்துக்கு முன்னால் நானும் சரம் பின்னுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதில் மிஞ்சிய நூல்கண்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கதவிலும் அவற்றின் நிலையிலும் உள்பக்கமாக ஒவ்வொரு சின்னக் கொக்கி மாட்டியிருந்தது. நூலை இரண்டு கொக்கிக்கும் சுற்றி முடிச்சுப் போட அவர் விரல் ஒத்துழைக்கவில்லை. பல்லால் இழுத்துக்கொண்டிருந்தார். நான் உதவப் போனேன். "இரு" என்றார். முடித்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"சும்மா தொறக்காது. உள்ள இருந்து மேல விழுந்து தள்ளுனா அந்துரும்."

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பார்த்தாள். "வெளிய இருந்து இழுத்தாலும் அந்துரும்லப்பா."

"சந்துக் கதவுக்கு வெளிய பிடியே இல்ல. எதப் பிடிச்சு இழுப்பாக?"

"இந்தக் கதவுக்கு இருக்குல்ல?"

"இங்கன ஒங்கம்மா நிப்பா."

"அம்மா வேலைக்குப் போயிட்டா?"

அவர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"அப்ப நான் குளிக்கையில மூணு சுத்து சுத்துவேன்."

"ரெண்டு."

"மூணுப்பா."

"உள்ள போயி சுத்திட்டுத் தள்ளிப் பாரு. தொறந்தா மூணு."

மகள் உள்ளே போய் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் தோளால் இடித்தாள். கதவு அதிர்ந்தது, திறக்கவில்லை. மறுபடி இடித்தாள். அவர் முகம் மாறுவதைப் பார்த்து, "ஒரு சுத்த எடு, எடு" என்று நான் கத்தினேன். இரண்டு சுற்றோடு ஓடி வந்து இடித்தவள் கதவோடு சேர்ந்து முற்றத்தில் வந்து விழுந்தாள். முழங்கை சிராய்த்துவிட்டது. அவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு" என்றார். "சரி, ரெண்டு" என்றாள் அவள்.

அதற்கு மறுநாள் காலையில் அவரிடம் கேட்டேன். "நான் சந்துல நிக்கட்டுமா? கதவுக்கு முன்னால. ஒண்ணும் வைக்க விடாம."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நில்லு" என்றார்.

நின்றேன். அவர் உள்ளே போனார். பிளாஸ்டிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நிக்கிறியா?"

"நிக்கேன்."

ஒரு சொம்புத் தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு மறுபடி, "நிக்கிறியா?" நின்றேன். அன்றைக்கு அவர் குளித்து முடிக்கிற வரைக்கும் நாங்கள் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான். கடைசியில் முற்றத்துப் பக்கம் நூல் அறுகிற சத்தம் கேட்டது, கதவு சுவரில் அடித்தது. முடிச்சை அவிழ்க்காமல் தள்ளிக்கொண்டு வெளியே போயிருந்தார். முற்றத்துக்கு ஓடி வந்து பார்த்தேன். தலை துவட்டிக்கொண்டிருந்தார். சோப்பு வாசனை வந்தது. ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருந்த அதே சோப்பு வாசனை.

அப்புறம் தினமும் அப்படித்தான். அவர் உள்ளே, நான் சந்தில். மழை வந்தால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பேன். மழை நாளில்தான் அவர் அதிகமாகக் கேட்பார்.

அப்படி ஒரு மழைக் காலையில், அடுப்பில் பாலை வைத்தது சந்தில் நிற்கும்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பொங்கி அடுப்பை அணைத்துவிட்டால் கேஸ் பரவுமே, உள்ளே மனுஷர் இருக்கிறாரே என்று புத்தி தாறுமாறாக ஓடியது. அவரிடம் சொல்லிவிட்டுப் போகக்கூடத் தோன்றாமல், "ஐயோ பாலு" என்று ஓடினேன். அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பும்போதுதான் சந்தில் ஆள் இல்லை என்பது உறைத்தது. அவர் கூப்பிட்டிருப்பார், பதில் வந்திருக்காது. முற்றத்துக் கதவு திறந்து கிடக்கும், அவர் கல்லில் உட்கார்ந்திருப்பார், இனி உள்ளே போகவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டே சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடினேன்.

சந்தில் ஓரகத்தி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கரண்டி, தலைக்கு மேலே பிளாஸ்டிக் தாள்.

உள்ளே இருந்து, "நிக்கிறியா?" என்று குரல் வந்தது.

"நாங்க நிக்கோம் கொழுந்தனாரே, நீக குளிங்க" என்றார் ஓரகத்தி. "எங்க வீட்டுச் சோறு கொழஞ்சாலும் பரவால்ல."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்தது. அடுத்தது விழுந்தது.

ஓரகத்தி என் பக்கம் திரும்பி, "பால் பொங்கிருச்சா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "அப்பறம் எதுக்குடி இப்படி நடுங்குற?" என்று சொல்லிவிட்டுத் தன் அடுப்படிக்குப் போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி நிற்கத் தொடங்கினோம். அவர் எழுந்திருக்கும் நேரத்துக்கு ஓரகத்தி வேலையைக் கொண்டுவந்து சந்துப் பக்கம் உட்கார்ந்துகொள்வார். மகள் இரண்டு சுற்றுச் சுற்றிக் குளித்துவிட்டு, முடிச்சை அவிழ்த்து நூலைக் கொக்கியில் ஒழுங்காக மாட்டிவிட்டு வருவாள். அவர் ஒரு சுற்றுத்தான் சுற்றுவார், அதையும் அறுத்துக்கொண்டுதான் வருவார். அறுந்த நூல் தண்ணீர் போகிற ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும் என்று எனக்குப் பயம். அவர் வெளியே வந்ததும் உள்ளே போய், வால் மட்டும் இருக்கிற டால்பினுக்குக் கீழே குனிந்து, ஈரத் தரையில் அதைத் தேடி எடுப்பேன். எடுத்ததும் முதலில் முடிச்சைத்தான் பார்ப்பேன். ஒரு நாளாவது அவர் அறுக்காமல் அதை அவிழ்த்துவிட்டு வந்திருக்க மாட்டாரா என்று.